கடையிறை

மலர்க் குழுவினர் எமக்கு விடுத்த மடலிலே, "தங்கள் துறை சார்ந்த ஏதேனும் ஒரு பொருள் பற்றி" எழுதுமாறு கேட்டிருந்தனர். தமிழாசிரியர் ஒருவரின் துறை சார்ந்த பொருள் யாதாக இருக்கும் என்பதை அவர்கள் முன்னரே உள்ளத்தில் முடிவு செய்திருப்பர். இளங்கோவடிகளோ கம்பநாடரோ மலரின் ஒரு மூலையில் வந்தமர்வர் என்று எதிர்பார்த்திருப்பர். யாமோ கடைகட்கு உள்ளூராட்சி மன்றங்கள் விதிக்கும் உரிமக் கட்டணம் பற்றி எழுதத் துணிந்தோம். பழைய மாணவர்கள் பொறுத்தருள்வாராக. சில ஆண்டுகளாக எம்மை உறுத்திக்கொண்டிருக்கும் பொருள் இது. இதில் எமது தமிழுக்கும் ஒரு பங்குண்டு. அப்பங்கு பெருமைப்படத் தக்கதன்று.

யாம் காரைதீவிற் பிறந்தவரல்லோம். ஆண்மகன் மணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்தல் எம் கீழ்க்கரையின் வழக்கம்; அவ்வழியே இவ்வூர்க்கு வந்தோம். பிறந்த ஊர் வடக்கே சில கட்டைத் தொலைவில் உள்ளது. அவ்வூரின் பெயரையும் அதனை ஆளும் சபையின் பெயரையும் இங்கே குறிக்க விரும்பவில்லை, குறிப்பதாற் பயனுமில்லை. அங்கே எமது சின்னம்மா, தம் வீட்டு முன்றிலில் ஒரு தகரக் கொட்டிலில், அப்பமும் இடியப்பமும் சுட்டு விற்கிறார். சிறிய தந்தையார் இருந்த காலத்திற் கடற்கரைப் பக்கமாகக் கல்லாற் கட்டிய ஒரு தேநீர்க்கடை இருந்தது. 2004 மார்கழி 26இற் கடல் அதனையும் கொண்டுபோயிற்று. கடைக்குள் நின்றவரையும் கொண்டுபோயிற்று. அதன் பின்னர் எழுந்தது இத்தகரக் கொட்டில். இரண்டு அடுப்பு, ஒரு வாங்கு, ஒரு கண்ணாடிப் பெட்டி. விடியுமுன் நான்கு மணிக்கு அடுப்பு எரியும். எட்டு மணிக்குச் சட்டி கழுவியாகிவிடும்.

உண்பொருள் விற்கும் எக்கடையாயினும் சபையின் உரிமம் பெற்றாக வேண்டும். இது நியாயமே. சமையலிடம் தூய்மையாக உள்ளதா, நீர் நல்லதா, கழிவு எங்கே போகின்றது என்பவற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சொல்ல, சபை ஆண்டுதோறும் உரிமப் பத்திரம் வழங்கும். அதற்கொரு கட்டணம். கட்டணத்தை எவ்வாறு கணிப்பது என்பதிலேதான் எல்லா வில்லங்கமும் இருக்கின்றது.

பிரதேச சபைகட்குரிய சட்டம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமாகும். 1988 தொடக்கம் நடைமுறையில் உள்ளது. அதன் 149ஆம் பிரிவு, கடை இருக்கும் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியை அளவுகோலாகக் கொள்கின்றது. ஆண்டுப் பெறுமதியாவது, அக்கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய தொகை. அது 750 ரூபாவுக்கு மேற்படாவிடின் கட்டணம் 500 ரூபா வரை. 750க்கு மேற்பட்டு 1,500க்கு மேற்படாவிடின் 750 ரூபா வரை. 1,500க்கு மேற்படின் 1,000 ரூபா வரை. படி மூன்றே, அவ்வளவில் ஏணி முடிந்துவிடும்.

படிப்பவர் ஒருகணம் நின்று கணக்குப் பார்க்க. ஆண்டுக்கு 1,500 ரூபா என்பது மாதம் 125 ரூபா. இன்று மாதம் 125 ரூபாவுக்குக் கோழிக்கூடும் வாடகைக்குக் கிடையாது. 1987இல் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 ரூபா. 2022இல் அது 360ஐ எட்டிற்று. அவ்வாண்டு புரட்டாதியிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8. காசு இவ்வாறு கரைந்தோடியபோதும் சட்டத்திலுள்ள எண்கள் கல்லில் வெட்டியவைபோல் நின்றன. புதிதாக மதிப்பிட்டால் எக்கட்டடமும் மூன்றாம் படியிலேதான் ஏறி நிற்கும். தகரக் கொட்டிலும் அங்கேதான். மூன்றுமாடி உணவகமும் அங்கேதான்.

இவற்றையெல்லாம் யாம் 2018இல் அறிந்திருந்தோமா? இல்லை. அதுதான் இக்கட்டுரையின் வேர்.

அவ்வாண்டு, எம் தாயூர்ச் சபை தன் எல்லைக்குள் இருந்த கட்டடங்களையெல்லாம் புதிதாக மதிப்பிட்டு, அடுத்த ஆண்டு முதல் அப்பெறுமதியின்படியே சோலைவரியும் உரிமக் கட்டணமும் அறவிடப்படும் என்று அறிவித்தது. பழைய மதிப்புப் பல்லாண்டுகட்கு முற்பட்டது. ஊரிலே பெரும் பரபரப்பு. வணிகர் சங்கத்தார் கூடினர். மனுவொன்று எழுதவேண்டும் என்றனர். யார் எழுதுவது என்ற வினா எழுந்தது. "சின்னம்மாட மகன் தமிழ் படிப்பிக்கிற சேர்தானே" என்று ஒருவர் சொல்ல, எமக்கு ஆள் வந்தது.

எழுதினோம். நான்கு பக்கம் எழுதினோம். கலாசாலையிற் பயின்ற நாளிற் கற்ற அணிகள் அனைத்தும் அம்மனுவிலே அணிவகுத்து நின்றன. கடல் கொண்ட கடைகளைச் சொன்னோம். கைம்பெண் ஒருத்தி நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவதைச் சொன்னோம். விளைநிலத்தினுட் புகுந்த யானையை வைத்துப் பாண்டியனுக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையையும் சொன்னோம். (வரி பற்றி வாய் திறக்கும் தமிழாசிரியர் எவரும் அந்த யானையை விட்டுவைப்பதில்லை.) பழைய மதிப்பே யாவர்க்கும் நீடிக்கவேண்டும் என்று முடித்தோம். மனு சபையில் உரக்க வாசிக்கப்பட்டதாம். உறுப்பினர் சிலர் கண்கலங்கினராம். புதிய மதிப்பு ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் 2019இன் குண்டுவெடிப்பு, 2020இன் பெருந்தொற்று, 2022இன் நெருக்கடி என்று ஒவ்வோராண்டும் ஒவ்வொரு காரணம் வந்தது. இவ்வாறாக 2023 முடிய ஐந்து ஆண்டுகள் பழைய மதிப்பே நின்றது.

யாம் அதனை ஒரு வெற்றியாகவே எண்ணியிருந்தோம். மாணவர்க்கு மனு எழுதப் பயிற்றும்போது அதனை மாதிரியாகக் காட்டியதும் உண்டு.

அவ்வெண்ணத்தைக் கலைத்தவர் அதே சங்கத்தைச் சேர்ந்த ஒரு பேக்கரி முதலாளி. முஸ்லிம் பெரியவர், வயதில் மூத்தவராதலின் காக்கா என்றே அழைப்போம். இரண்டு மாடிக் கட்டடம், பின்புறம் பெரிய போறணை, பாண் ஏற்றிச் செல்ல ஐந்தாறு முச்சக்கர வண்டிகள். ஒருநாள் அவர் கடையிலே தேநீர் அருந்தும்போது, சுற்றிலும் எவரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார்:

"சேர், உங்கட மனு நல்லாத்தான் இருந்திச்சு. வாசிக்கக்குள்ள எனக்கே தொண்டை அடைச்சிட்டு. ஆனா அதுல அழுதது உங்கட சின்னம்மா. மிச்சம் பிடிச்சது நான்."

புரியாது விழித்தோம். அவர் பாண் சுற்றும் தாளொன்றை எடுத்துக் கணக்கெழுதினார். அவர் கட்டடத்தின் பழைய ஆண்டுப் பெறுமதி 18,000 ரூபா, புதியது 180,000. சோலைவரி நூற்றுக்கு ஐந்து. பழைய மதிப்பின்படி 900 ரூபாவும், புதிய மதிப்பின்படி 9,000 ரூபாவும் கட்டவேண்டும். உரிமக் கட்டணம் முன்பும் 1,000, பின்பும் 1,000. ஆகவே எமது மனுவால் ஆண்டொன்றுக்கு அவர்க்கு மிஞ்சியது 8,100 ரூபா. சின்னம்மாவின் கொட்டிலுக்குப் பழைய மதிப்பு 720, புதியது 9,600. சோலைவரி 36இலிருந்து 480 ஆகும். உரிமக் கட்டணம் 500இலிருந்து 1,000 ஆகும். அவர்க்கு மிஞ்சியது 944 ரூபா.

"அஞ்சு வருசத்துக்கு எனக்கு நாப்பதாயிரத்துக்கு மேல. இப்பிடிக் கடை ஊரில எத்தினை இரிக்கி? அந்தக் காசு இருந்திருந்தா, உங்கட சின்னம்மா வீட்டு முன்னால ஓடுற கான சபை எப்பயோ கட்டியிருக்கும்."

எமக்கு வாயெழவில்லை. அந்தக் கான் எமக்கு நன்றாகத் தெரியும். மாரி பிறந்தால் அது நிரம்பிக் கொட்டிலினுள்ளே வரும்; சின்னம்மா அடுப்பைச் செங்கல்லில் உயர்த்தி வைத்துச் சுடுவார். கைம்பெண்ணின் கண்ணீரை மனுவில் ஏற்றி விற்றவர் யாம். ஊதியம் பெற்றவர் வேறு. காக்கா வேண்டுமென்றே ஒன்றும் செய்தாரல்லர். சங்கம் கேட்டது, யாம் கணக்குப் பாராமல் எழுதினோம். தமிழ் படித்தவர்க்குக் கணக்கு வேண்டா என்று யாரோ எமக்குச் சொல்லிவைத்துவிட்டனர். நாம் நாள்தோறும் நடந்துபோகும் தெருவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணித்துக் கணித்தே தமிழிசையை மீட்டுத் தந்தார் என்பதை மேடைதோறும் புகழ்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

அன்று முதல், கடைகட்கு வரி கணிக்கும் முறைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். எமது பழக்கத்தின்படி முதலிற் கல்வெட்டுகட்கே போனோம். சோழர் காலச் சாசனங்களிலே தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம், அங்காடிப்பாட்டம், கடையிறை என்று வரிப்பெயர்கள் நிரையாக வருகின்றன. இவற்றை மாணவர்க்கு அருஞ்சொற்பொருளாகச் சொல்லிக் கடந்துபோனவர் யாம். இப்போது வேறு கண்ணாற் பார்த்தோம். தறியிறையிலே தறியும் செக்கிறையிலே செக்கும் பெயரிலேயே நிற்கின்றன. நெய்பவனின் வீடு எவ்வளவு பெரிதென்பதை அப்பெயர் பேசவில்லை. தொழிலின் கருவியைப் பேசுகின்றது. கருவி கண்ணுக்குத் தெரிவது, ஒளித்துவைத்தல் அரிது, ஊரார் யாவரும் எண்ணிச் சொல்லலாம். முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று உலகம் போற்றுவதும் நினைவுக்கு வந்தது. தவிர்த்தவனுக்குப் பட்டம் கிடைத்தது. அளவாக விதித்தவனுக்குப் பட்டம் கொடுத்ததாக யாம் எங்கும் படிக்கவில்லை.

எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்துச் சட்டத்தரணியான நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, அவர் சிரித்துவிட்டு, "உனது செக்கிறை கல்கத்தாவில் உயிர்த்தெழுந்த கதை தெரியுமா?" என்று கேட்டு, ஒரு தீர்ப்பின் படியைத் தந்தார். அது லிபேட்டி சினிமா வழக்கு. 1964 மார்கழியில் இந்திய உயர் நீதிமன்றம், அவர்கள் சொல்வழக்கில் உச்ச நீதிமன்றம், வழங்கிய தீர்ப்பு. ஆங்கிலத்தில் இருந்த அதனை அகராதியும் கையுமாக ஒரு விடுமுறை முழுதும் படித்தோம். ஒரு நாவலிலும் எமக்கு அவ்வளவு ஈடுபாடு உண்டானதில்லை.

கல்கத்தா மாநகராட்சி 1948இல் வகுத்த முறைப்படி, படமாளிகைகளின் உரிமக் கட்டணம் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியை ஒட்டியே கணிக்கப்பட்டது. எம் சபைகளிற் போலவே. லிபேட்டி படமாளிகை ஆண்டுக்கு 400 ரூபா கட்டிவந்தது. 1958 சித்திரை முதல் மாநகராட்சி கணிப்பு முறையையே மாற்றிவிட்டது. கட்டடத்தின் மதிப்பை விட்டு, இருக்கைகளின் தொகையைப் பார்த்து, காட்சி ஒன்றுக்கு இவ்வளவு என்று விதித்தது. லிபேட்டியில் 551 இருக்கைகள். காட்சிக்கு 5 ரூபா. ஆண்டுக் கணக்கு 6,000 ரூபாவாயிற்று. நானூறு எங்கே, ஆறாயிரம் எங்கே! மாளிகையார் நீதிமன்றம் ஏறினர். கட்டணம் என்றால் அதற்கேற்ற பணி இருக்கவேண்டும். பரிசோதகர் எப்போதாவது வந்து பார்த்துப் போவதற்கு ஆறாயிரமா என்பது அவர்கள் வழக்கு. கீழே அவர்களே வென்றனர். மேன்முறையீட்டில், ஐந்து நீதியரசருள் மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, மாநகராட்சிக்குச் சார்பாக முடிவாயிற்று. சட்டத்திற் கட்டணம் என்ற சொல் இருப்பினும் இது உண்மையில் வரியே. வரியாதலின் பணிக்கு ஈடாக இருக்கவேண்டுவதில்லை என்பது பெரும்பான்மையோர் கொள்கை.

அச்சொல்லாராய்ச்சி எமக்கு மிக இனித்தது. ஆயினும் அதனினும் எம்மைக் கவர்ந்தது அந்த இருக்கைக் கணக்கே. சுவரை விட்டு இருக்கையை எண்ணத் தொடங்கியவுடன், சிறிய கொட்டகையும் பெரிய மாளிகையும் வெவ்வேறாகிவிட்டன. அதே வேளையில் ஓர் அச்சமும் தோன்றியது. கணிக்கும் முறையை மாற்றுபவன் ஒரே இரவில் ஒருவனுடைய சுமையைப் பதினைந்து மடங்காக்கவும் வல்லன். லிபேட்டியார் கூக்குரலிட்டதில் வியப்பில்லை. எமது மனுவை அவர்கட்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

எந்த அளவுகோலும் தன்னால் அளக்கப்படுபவரை வளைத்துவிடும் என்பதையும் கண்டோம். இங்கிலாந்திலே 1696 முதல் 1851 வரை வீட்டின் சன்னல்களை எண்ணி வரி விதித்தனர். மக்கள் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்துவிட்டு இருளில் இருந்தனர். சான் பிரான்சிஸ்கோ நகரம் வணிகர் கொடுக்கும் சம்பளத் தொகையின் மேல் வரி விதித்துவந்தது. ஆள் சேர்ப்பவனைத் தண்டிப்பதாக இஃது இருக்கின்றதே என்று, 2012இல் வாக்காளரே வாக்களித்து, 2014 முதற் படிப்படியாக மொத்த வரவின் மேலான வரிக்கு மாறினர். பிரான்சில் 1791இற் பிறந்த பட்டயவரி, தொழிலின் வகையையும் இடத்தின் வாடகைப் பெறுமதியையும் சேர்த்துக் கணித்து, 1975வரை நிலைத்தது. செருமானிய ஊராட்சிகள் வணிகத்தின் இலாபத்தைப் பார்க்கின்றன. தனியாள் நடத்தும் கடையாயின் 24,500 யூரோ வரையிலான இலாபத்தைத் தொடுவதேயில்லை. சின்னம்மா செருமனியில் அப்பம் சுட்டிருந்தால் ஒரு சதமும் கட்டவேண்டியிராது. ஆனால் இலாபம் இவ்வளவு என்று காட்ட அங்கே ஏடு வேண்டும். சின்னம்மாவின் ஏடு அவர் முந்தானை முடிச்சே.

எம் சட்டத்திலும் வரவைப் பார்க்கும் பிரிவொன்று உண்டு. 149இல் அடங்காத சில தொழில்கட்கு 152ஆம் பிரிவின்படி முந்திய ஆண்டின் வரவை ஒட்டி வரி. அங்கும் அதே நோய்தான். 6,000 ரூபாவிலே தொடங்குகின்றது. 150,000ஐத் தாண்டினால் 3,000 ரூபா. அதற்கு மேல் ஏணியில்லை. ஆண்டுக்கு 150,000 என்பது மாதம் 12,500. தெருவோரத்தில் தொலைபேசித் திருத்தும் இளைஞனும் அதனைத் தாண்டிவிடுவான். அவனும் அவன் எதிரே பளபளக்கும் பெருநிறுவனத்தின் கிளையும் ஒரே மூவாயிரத்தில் நிற்பர்.

இன்னொன்று. காரைதீவின் வடக்கே மாளிகைக்காடு. அதனை அடுத்துச் சாய்ந்தமருது. இரண்டிற்குமிடையே வெளியோ ஆறோ இல்லை. வீடும் கடையும் இடையறாது தொடரும். ஆனால் மாளிகைக்காடு காரைதீவுப் பிரதேச சபைக்குரியது. சாய்ந்தமருது கல்முனை மாநகர சபையின் ஆட்சிக்குட்பட்டது. பிரதேச சபைக்கு உரிமக் கட்டணத்தின் உச்சம் 1,000. மாநகர சபைக்கு 5,000. ஒரே பிட்டியிற் பிசைந்த மாவைத் தெருவின் இப்புறம் நின்று வீசினால் ஒரு கட்டணம், அப்புறம் நின்று வீசினால் வேறொன்று. யார் மேலும் குற்றமில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சட்டத்தில் எழுதிய எண்கள் அருகருகே வந்து நின்றுவிட்டன.

2023 பங்குனியில் நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடைபெறவில்லை, செயலாளர்களே சபைகளை நடத்தினர். 2024 தைமாதம் எம் தாயூரிற் புதிய மதிப்பு நடைமுறைக்கு வந்தது. காக்கா 9,000 ரூபா சோலைவரியைக் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டை எமக்குக் காட்டினார். சின்னம்மாவோ உரிமம் புதுப்பிக்கவில்லை. ஆயிரம் ரூபா என்பது அவர்க்கு இரண்டு நாள் உழைப்பின் மிச்சம். அரிசி மாவும் தேங்காயும் விலையேறிய காலம். பிறகு கட்டுவோம் என்று விட்டுவிட்டார். எம்மிடமும் சொல்லவில்லை. அடுப்பை மாற்றி எரிவாயு வைப்பதற்கு வங்கியிற் சிறு கடன் கேட்டபோது, அவ்வாண்டின் உரிமப் பத்திரத்தின் படி வேண்டும் என்றனர். கடன் கிடைக்கவில்லை. அதன் பின்னரே எமக்குத் தெரியவந்தது. விறகுப் புகையில் அவர் இருமும் இருமலும் அன்றுதான் எமது காதில் முறையாக விழுந்தது.

சபை அலுவலகத்திற்குப் போனோம். வருமானப் பகுதியில் இருந்தவர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். கோவையைத் திறந்து காட்டி, "சேர், ஒன்பதாயிரத்து அறுநூறு, மூண்டாம் படி. நான் கூட்டி எழுதினாலும் கணக்காய்வு கேட்கும், குறைச்சு எழுதினாலும் கேட்கும்" என்றார். அவர் சொன்னது சரி. யாம் ஆயிரம் ரூபாவைக் கட்டிவிட்டு வரலாம் என்று எண்ணினோம், சின்னம்மா விடவில்லை. "நீ கட்டினா அடுத்த வருசமும் நீதானே கட்டோணும் மனே. அதுக்கடுத்த வருசம்?" என்றார். தாமே பின்னர் கட்டினார்.

மீண்டும் சட்டத்தரணி நண்பரிடம் போனோம். அவர் பிரிவு 149ஐ எடுத்து, ஆட்காட்டி விரலை ஓரிடத்தில் வைத்து, "தமிழாசிரியர்தானே, இதனை வாசி" என்றார். வாசித்தோம். ஆண்டுப் பெறுமதி இவ்வளவாயின் கட்டணம் இவ்வளவுக்கு மேற்படலாகாது. "மேற்படலாகாது என்றால் என்ன? உச்சம் என்று பொருள். கீழே வரக்கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா?" இல்லை. சபை தீர்மானம் நிறைவேற்றினால், அவ்வுச்சத்துக்குக் கீழே தொகையைக் குறித்துக்கொள்ளலாம். பேக்கரியை 1,000க்கு மேல் ஏற்ற முடியாது. ஆனால் அப்பக்கடையைக் கீழே இறக்க முடியும். வினைமுற்று ஒன்றை யாமும் சபையாரும் இத்தனை காலமும் ஊன்றி வாசிக்கவில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் இதனைத் தவறவிட்டிருந்தால் மதிப்பெண் குறைத்திருப்போம்.

ஆண்டு பதினொன்று மாணவர்கட்கு இதனையே ஒரு பாடவேளையிற் பொருளாகக் கொடுத்தோம். உண்பொருட் கடைகட்குக் கட்டணம் எதனைக்கொண்டு கணிக்கலாம்? செக்கிறையைச் சொல்லி வைத்திருந்தோமாதலின், ஒரு மாணவி எழுந்து, "அடுப்பை எண்ணலாம் சேர்" என்றாள். வகுப்பு சிரித்தது, எமக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றொருவன் மறுத்தான். அடுப்பை எண்ணினால் எல்லாரும் ஒரே பெரிய போறணையாகக் கட்டிவிடுவார்களே என்றான். இங்கிலாந்தின் சன்னலை அவன் கேள்விப்பட்டவனல்லன். இறுதியில் அவர்கள் வந்து நின்ற இடம் இது: பெரிய கடைகளைப் பற்றி இப்போதைக்கு நம்மால் ஒன்றும் செய்ய இயலாது, ஓரடுப்பு ஈரடுப்புக் கடைகளை வேறாகப் பிரித்து, அவற்றுக்கு 250 ரூபா என்று வைக்கலாம். அடுப்பை எண்ணப் புதிய அலுவலரும் வேண்டா. சுகாதாரப் பரிசோதகர் எப்படியும் வந்து பார்க்கத்தானே போகிறார்.

2025 வைகாசியில் தேர்தல் நடந்தது. சபைகள் மீண்டும் கூடின. இரண்டாம் மனுவை எழுதினோம். அரைப் பக்கம். யானை இல்லை, கைம்பெண் இல்லை. பிரிவு, சொல், மூன்று வரிக் கணக்கு. வணிகர் சங்கத்தின் சார்பிற் கையெழுத்திட்டவருள் முதல்வர் காக்கா.

சபையார் எதிர்த்துச் சொல்வதிலும் பொருளுண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். சிறிய கடைகளே ஊரில் மிகுதி. ஒவ்வொன்றிலும் 750 ரூபா குறைந்தால், நூறு கடைக்கு 75,000. குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் அதிலிருந்துதான் வருகின்றது என்கிறார் தவிசாளர். பெரிய கடைகளிடம் ஈடுசெய்யச் சட்டம் இடம்தராது. பாராளுமன்றம் எண்களை மாற்றினாலன்றி அது நடவாது. பேக்கரிகளின் சோலைவரி இப்போது பத்து மடங்காகி வருகின்றதே, அதனை இதற்கு ஈடாகக் கொள்ளலாமே என்று கேட்டோம். அந்தக் காசைக் கானுக்கு ஒதுக்கிவிட்டோம் என்றார். அதற்கு என்ன விடை சொல்வது? கான் வேண்டா என்று சின்னம்மாவின் சார்பில் யாம் எவ்வாறு சொல்வோம்?

மனு நிதிக் குழுவுக்கு விடப்பட்டிருக்கின்றது. குழு கூடும் நாள் எமக்கு இன்னும் அறிவிக்கப்படவில்லை. கான் வேலை தொடங்கிவிட்டது. கொட்டிலுக்கு முன்னால் வெட்டிய மண் குவிந்து கிடப்பதால், அப்பம் வாங்க வருபவர்கள் ஒரு பலகையின் மேல் ஏறி இறங்கிப் போகின்றனர். இவ்வாண்டுக்குரிய ஆயிரம் ரூபாவைச் சின்னம்மா மாசி மாதமே கட்டிவிட்டார். பற்றுச்சீட்டைப் புகை படாமல் ஒரு பொலித்தீன் உறையிலிட்டு, அப்பச்சட்டிக்கு எதிரே தகரத்திற் செருகி வைத்திருக்கிறார்.